இளையோர் கையில் புதிய நூல்

(காஜாங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரையை வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஓய்வு கொள்ள வேண்டிய நேரத்தில் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறோம். பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை உள்ள நம் பிள்ளைகளுக்கென்று தமிழில் வெளிவந்துள்ள புதிய நூல்கள் யாவை, அவை நூலகத்தின் வழியாக நம் வீட்டிற்கு வந்து சேர நாம் செய்ய வேண்டியது யாது என்னும் இரண்டையுமே இன்று பேச விரும்புகிறோம்.

ஏன் குறிப்பாக இந்த வயது என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழிலேயே எண்ணையும் எழுத்தையும் கற்கிறது. பன்னிரண்டு வயதில் அப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. சில பள்ளிகளில் அந்தப் பாடமும் இல்லாமற் போகிறது. அதே பருவத்தில் பிள்ளையின் உடலும் உள்ளமும் மாறுகின்றன. நேற்றுவரை விரும்பிப் படித்த காக்கை, நரிக் கதைகள் இன்று அதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகின்றன. பெரியவர்கள் படிக்கும் நாவல்களோ இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. நடுவே ஏறிச் செல்ல ஒரு படி வேண்டும். அப்படி இல்லையேல், ஆறு ஆண்டுகள் அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்து, கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியைப் படிப்பதற்கு மட்டுமே பயன்படும். சில ஆண்டுகளில் அதற்கும் பயன்படாமற் போகும்.

ரப்பர்க் கன்றை நட்டவுடன் எவரும் உளியை எடுத்துக்கொண்டு போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் களை எடுத்து, உரமிட்டு, அடிமரம் போதிய பருமன் அடைந்த பின்னரே வெட்டத் தொடங்குகிறோம். அந்த ஆண்டுகளில் கவனிப்பாரற்று விடப்பட்ட மரம் பின்னர் எவ்வளவு திறமையாக வெட்டினாலும் நிறைவாகப் பால் தராது என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் வாழ்வில் பதின்மூன்று முதல் பதினேழு வரை உள்ள ஆண்டுகள் அத்தகையவை.

இந்தக் காஜாங் மண்ணுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மலாயாவில் வாணிப நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடங்களுள் ஒன்று, 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நடத்திய காஜாங் இன்ச் கென்னத் தோட்டம். அதன் பின்னர்ப் பெருகிய தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். அவர்தம் பிள்ளைகளின் கல்வி நெடுங்காலம் எவர் கவனத்திலும் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் அங்கே பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று முதலாளிமாரைக் கட்டாயப்படுத்த வழி செய்தது. ஆயாக் கொட்டகையிலும் ஸ்டோரின் ஒரு மூலையிலும் நடந்த பள்ளிகள் பல. எனினும் அந்தப் பத்துப் பிள்ளைகள் என்னும் எண்ணே நம்மில் பலருடைய பாட்டனாரின் கையில் முதல் பாடப் புத்தகத்தைக் கொடுத்தது.

அடுத்து இன்னொரு எண்ணையும் நினைவிற் கொள்ளுங்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்கும் வசதி செய்து தரப்படல் வேண்டும். கேட்டுக்கொண்டால் என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. பதினான்கு பேர் கேட்டு, பதினைந்தாமவர் "நமக்கேன் வம்பு" என்று இருந்துவிட்டால், அந்தப் பதினான்கு பிள்ளைகளும் சட்டம் தரும் அவ்வுரிமையை இழப்பர்.

பள்ளிக்குப் பத்து என்றும் வகுப்பிற்குப் பதினைந்து என்றும் சட்டம் எண் குறித்தது. நூலகத்தில் தமிழ் நூல்களுக்கு ஓர் அலமாரி வேண்டுமாயின் எத்தனை பேர் வேண்டும்? அதற்குச் சட்டத்தில் எண் எதுவும் இல்லை. அங்கு வழக்கமே சட்டம். எந்த நூல்கள் இரவல் எடுக்கப்படுகின்றன, எந்த நூல்களை வாசகர் கேட்கின்றனர் என்பதைப் பார்த்தே நூலகர் அடுத்த ஆண்டிற்கு நூல் வாங்கத் திட்டமிடுகிறார். எடுப்பாரின்றித் தூசி படிந்து கிடக்கும் அலமாரிக்குப் புதிய நூல் வராது. புதிய நூல் வராத அலமாரியை நாடி இளையோரும் வரமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடியவர்கள் நாம்தாம்.

இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் ஒருவர் தமிழ்நாட்டில், சீர்காழியில், 1892-ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தாம் சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராகப் பணி புரிந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகருக்குப் பாடமாக உள்ளன. அவற்றின் சாரம் எளியது. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். தோட்டத்துப் பதினான்கு வயதுச் சிறுமியும் இரண்டாம் விதி குறிக்கும் வாசகருள் ஒருத்தியே. அவளுக்குரிய நூல் ஒன்று எங்கோ அச்சாகி இருக்கிறது. அதனையும் அவளையும் சேர்த்து வைப்பதே நூலகத்தின் கடமை.

அரங்கநாதன் வெறும் ஏட்டளவில் நின்றவர் அல்லர். அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் கனகசபை என்னும் பெருமகனார் மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை அடுக்கிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதனே. உழவர் நூலகத்திற்கு வர இயலாவிடில், நூலகம் உழவரிடம் போகட்டும் என்பதே அதன் கருத்து. ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பின், உலகின் மறுகோடியில், அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்னும் நூலகர் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஏழை மக்கள் வாழும் தெருக்களுக்குச் சென்றார். அவர் தம் வாழ்நாளையே பதின்ம வயதினரின் வாசிப்பிற்கு ஈந்தவர். நியூயார்க் பொது நூலகமோ 1929-ஆம் ஆண்டு முதல் பல பத்தாண்டுகள் அந்த வயதினருக்கென்றே நூற்பட்டியல் வெளியிட்டு வந்தது. இளையோருக்குத் தனி நூல், தனி அலமாரி, தனிப் பட்டியல் வேண்டும் என்பது நேற்று முளைத்த கருத்தன்று.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி இல்லாமல் இல்லை. கோ. சாரங்கபாணி அவர்களின் தமிழ் முரசு நாளிதழ் 1950-களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை நடத்தியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த மாணவர்கள் அதற்கு எழுதினார்கள். அவர்களுள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கினார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அதைப் படித்தவர்கள் தோட்டத்து லயங்களிலும் இருந்தார்கள்.

இனிப் புதிய நூல்களுக்கு வருவோம். இந்திய நாட்டின் சாகித்திய அகாதெமி 2010-ஆம் ஆண்டு முதல் சிறுவர், இளையோர் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. அதன்பின் தமிழில் இத்துறை நல்ல ஊக்கம் பெற்றுள்ளது. 2020-இல் அவ்விருதைப் பெற்றது யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தீய எண்ணத்தோடு நெருங்குவோரிடமிருந்து பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதை, ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் வாய்மொழியாக, அச்சமூட்டாமல் எடுத்துரைக்கும் கதை அது. தாய் தந்தையர் நேரில் பேசக் கூசும் செய்தியை அந்நூல் அவர்களுக்காகப் பேசுகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் நம் குடும்பங்களில் அது இருக்க வேண்டிய நூல் என்பது நம் துணிபு.

2023-இல் விருது பெற்றது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. மதுரைக்கு அருகில் கீழடியில் நடந்த அகழாய்வில் ஆதன் என்னும் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அப்பழங்காலத்தோடு இக்காலச் சிறுவன் ஒருவனை உறவாட வைக்கிறது இக்கதை. வரலாறு என்றாலே ஆண்டுகளை மனப்பாடம் செய்வது என்று எண்ணும் மாணவனுக்கு இது நல்ல மருந்து. 2024-இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவையும் அவ்விருதைப் பெற்றுள்ளன. நூலகரிடம் கேட்பதற்கு இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீரச்செயலும் பயணமும் விரும்பும் பையன்களுக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்' உண்டு. இமயமலையின் உச்சிக்கே அழைத்துச் செல்லும் கதை அது. கேள்வி கேட்கும் துணிவை மதிக்க வேண்டும் என்பதை ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருங்கே உணர்த்துவது இரா. நடராசனின் 'ஆயிஷா' என்னும் சிறிய நூல். ஒரே நாளில் படித்துவிடலாம். ஆனால் எளிதில் மறக்க இயலாது. இராமேசுவரத்தில் செய்தித்தாள் விற்ற சிறுவன் விண்கலம் செலுத்தும் அறிவியலாளரான வரலாற்றைச் சொல்வது அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்'. சப்பானிய எழுத்தாளர் குரோயநாகி 1981-இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்னும் நூலும் தமிழில் கிடைக்கிறது. குறும்புக்காரி என்று ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியை, இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் அன்போடு ஏற்று வளர்த்த உண்மைக் கதை அது. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் படிக்க வேண்டிய நூல்.

கடல் கடந்து வந்த நூல்கள் மட்டும் போதா. நம் பிள்ளை தன் ஊரையும் தன் நாட்டையும் நூலில் காண வேண்டும். மலேசிய எழுத்தாளர் கே. பாலமுருகன், 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' எனத் தொடங்கிச் சிறுவர்க்கான மர்ம நாவல்களை எழுதியுள்ளார். தமிழில் படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு முதலில் தரத்தக்கவை இவை. சற்று முதிர்ந்த மாணவர்களுக்கு, சப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு இரயில்பாதை அமைத்து மாண்ட நம் மக்களின் துயரைச் சொல்லும் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' உண்டு. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்பதும் அதே பொருள் பற்றியதே. அவருடைய 'லங்காட் நதிக்கரை', 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் நம் மக்கள் பட்ட இன்னலைக் கூறுகிறது. காஜாங் நகரின் ஊடே ஓடும் அதே லங்காட் ஆறுதான்! அன்றாடம் பாலத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவன், அந்த நீரின் பெயரை ஒரு நூலின் அட்டையில் காணும்போது, தன் வாழ்க்கையும் எழுதத் தக்கதே என்பதை உணர்வான்.

இந்நூல்களைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் எழுப்பும் சில ஐயங்களை நாம் நன்கு அறிவோம்.

"கதைப்புத்தகம் படித்தால் பாடம் கெட்டுவிடாதா?" என்பது முதலாவது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், படிவம் மூன்றின் பி.தி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. மனப்பாடத்திற்கு இருந்த இடம் குறைந்து, படித்துப் பொருள் உணர்ந்து தன் சொல்லில் எழுதும் திறனுக்கு மதிப்புக் கூடி வருகிறது. மேலும், இடைநிலைப்பள்ளியின் மலாய்மொழிப் பாடத்திலேயே நாவலும் சிறுகதையும் கவிதையும் இடம்பெற்றுள்ளன. தமிழில் ஒரு கதையின் மாந்தரையும் கருவையும் இனங்கண்டு பழகிய மாணவன், மலாய் நாவலைக் கண்டு மருளமாட்டான். தேசிய மொழியில் உள்ள இளையோர் நூல்களையும் அவன் அதே நூலகத்திலேயே எடுத்துப் படிக்கலாம். ஒரு மொழி மற்றொன்றுக்குப் பகையன்று, துணையே.

"பெண்பிள்ளையைத் தனியே பட்டணத்திற்கு எப்படி அனுப்புவது?" என்பது இரண்டாவது. நியாயமான கவலைதான். அதற்கு வழி, அனுப்பாமல் இருப்பதன்று, சேர்ந்து அனுப்புவது. ஐந்தாறு பிள்ளைகளை ஒரு தாயார் அல்லது அண்ணன் ஒருவர் அழைத்துச் செல்லலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போதும். முறை வைத்துக்கொண்டால் எந்தக் குடும்பத்திற்கும் சுமை இராது. கோயில் திருவிழாவிற்கு முறை வைத்து உழைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமன்று.

"எங்களுக்கே படிக்கத் தெரியாது, நாங்கள் எப்படிப் பிள்ளைக்கு நூல் தேர்ந்தெடுப்பது?" என்பது மூன்றாவது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டா. பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரவு உணவிற்குப் பின், "இன்றைக்கு என்ன படித்தாய், சொல் பார்ப்போம்" என்று கேட்டு, கேட்டதைச் செவிமடுத்தால் போதும். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே படிப்பவருக்கு ஊக்கம். கட்டாயப்படுத்தவும் வேண்டா. உளியை அளவிற்கு மீறி அழுத்தினால் பட்டை காயப்பட்டு, மறுபட்டை கரணை தட்டிப் போகும். பத்துப் பக்கம் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அந்த நூலைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுக்க விடுங்கள். இரவல் நூலில் அதுதானே வசதி!

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, உறுப்பினராதல். சிலாங்கூர் மாநிலப் பொது நூலகக் கழகம் மாவட்டந்தோறும் நூலகங்களை நடத்துகிறது. அதன் தலைமை நூலகமாகிய ராஜா துன் ஊடா நூலகம் ஷா ஆலம் நகரில் 2011 முதல் இயங்குகிறது. உங்களுக்கு அருகில் உள்ள கிளைக்குப் பிள்ளையுடன் ஒருமுறை நேரில் செல்லுங்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு மைகார்டு கிடைத்துவிடுகிறது. அதனையும் உங்கள் அடையாளக் கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். பாரத்தை நிரப்பத் தெரியாவிடில் அங்குள்ள அலுவலரைக் கேளுங்கள். உதவுவது அவர் கடமை. கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, எழுத்து மூலம் கேட்டல். தேவையான தமிழ் நூல்களின் பெயர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கேட்கும் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து நூலகரிடம் கொடுங்கள். தமிழ் அறியாத நூலகரும் அதைக் கொண்டு செயற்பட ஏதுவாக, மலாய்மொழியிலும் ஒரு படி இணையுங்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களே அதை எழுதலாம். ஒருவர் வாய்மொழியாகக் கேட்டது மறந்து போகும். இருபது பேர் பெயருடன் வரும் கடிதம் கோப்பில் நிற்கும்.

மூன்றாவது, நூல்களைத் தோட்டத்திற்கே வரவழைத்தல். தனித்தனியாக அன்றி, ஒரு குழுவிற்கோ நிலையத்திற்கோ மொத்தமாக நூல்களை இரவல் தருவதும், நடமாடும் நூலக வண்டியை அனுப்புவதும் பொது நூலகங்களின் பணிகளுள் அடங்கும். உங்கள் வட்டாரத்திற்கு அவ்வசதி கிட்டுமா என்று கிளையில் விசாரியுங்கள். பழைய வாசகசாலை, கோயில் மண்டபம், அடுக்குமாடியின் பொது அறை ஆகியவற்றுள் பூட்டுள்ள ஓர் அலமாரி கிடைத்தாலும் போதுமானது. கணக்கு எழுதும் பொறுப்பைப் பெரியவர்கள் ஏற்க வேண்டா. படிவம் நான்கு மாணவி ஒருத்தியிடம் விடுங்கள். சம்பளப் புத்தகத்தைக் கிராணியார் எழுதியதைவிட ஒழுங்காக எழுதுவாள்!

நான்காவது, எடுத்த நூலைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுத்தல். ஒரு நூல் ஒரு வீட்டில் முடங்கினால், அடுத்து வரும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பும்.

இவற்றோடு, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தெங்கோலோக் தலைப்பாகையின் வடிவில் எழுந்து நிற்கும் தேசிய நூலகத்திற்கும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஐந்து படிகள் அங்கே ஒப்படைக்கப்பட வேண்டும். மலேசியத் தமிழ் நூல்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். நம் எழுத்து இந்நாட்டின் சொத்தாகக் காக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். யுனெஸ்கோ நிறுவனம் 2020-இல் உலகப் புத்தகத் தலைநகர் என்னும் சிறப்பை அளித்தது கோலாலம்பூருக்குத்தான். அந்தத் தலைநகரத்திற்குக் காஜாங்கிலிருந்து இன்று இரயிலிலேயே சென்று வரலாம்.

அன்பர்களே, காஜாங்கைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் துண்டாடப்படும்போது லயம் போகும், கோயில் இடம் பெயரும், பள்ளியும் இடம் மாறும். இவற்றையெல்லாம் நீங்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஒரு குடும்பம் எந்த அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தாலும் உடன் வரக்கூடியது, பிள்ளை பெற்ற படிக்கும் பழக்கம் ஒன்றே. அதற்கு நோட்டீசு கொடுத்து வெளியேற்ற எவராலும் இயலாது.

இன்று இக்கூட்டம் கலைவதற்கு முன், வாயிலருகே ஒரு குறிப்பேடு வைக்கப்படும். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் படிக்க விரும்பும் ஒரு நூலின் பெயரையும் அதில் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால், அருகில் இருக்கும் மாணவர் எழுதித் தருவார். பள்ளிக்குப் பத்துப் பேர், வகுப்பிற்குப் பதினைந்து பேர் என்பதை மறவாதீர்கள். அலமாரிக்கு எத்தனை பேர் என்பதை அந்தக் குறிப்பேடு காட்டட்டும்.